பழைய ரொட்டி பண்டிகைக்கு வந்த கதை

நம் சபையின் கிறிஸ்துமஸ் விருந்து மேஜையில் இப்போதெல்லாம் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் 'ஸ்டஃபிங்' என்ற ஒரு பதார்த்தமும் இடம் பிடித்துவிட்டது. வெங்காயம், வெண்ணெய், மூலிகை இலைகள் சேர்த்து அவனில் சுட்ட ரொட்டித் துண்டுகள்தான் அது. வாலிபர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். பெரியவர்களில் சிலர், "இது வெள்ளைக்காரன் சாப்பாடு, நமக்கெதற்கு?" என்கிறார்கள். இது உண்மையில் யாருடைய சாப்பாடு என்று கொஞ்சம் தேடிப் பார்த்தால், கதை இங்கிலாந்தோடும் அமெரிக்காவோடும் நிற்கவில்லை. நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த வளைகுடாவும் அதில் வருகிறது, நம் பழைய சென்னைப் பட்டணமும் வருகிறது.

முதலில் பெயர். உள்ளே வைத்து நிரப்புவது என்பதுதான் ஸ்டஃபிங். கொழுக்கட்டைக்குள் வைப்பதை நாம் பூரணம் என்கிறோம் அல்லவா, அதே எண்ணம். அரபியில் இதற்கு 'ஹஷு' என்று பெயர். எமிராத்தி, குவைத்தி வீடுகளில் மச்பூஸ் சோற்றின்மேல் வதக்கிய வெங்காயம், கடலைப்பருப்பு, உலர்ந்த திராட்சை, காய்ந்த எலுமிச்சைப் பொடி எல்லாம் கலந்து வைப்பார்களே, அதையும் ஹஷு என்றே சொல்வார்கள். லத்தீனில் நிரப்புவதற்கு 'ஃபார்கிரே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. அதிலிருந்துதான் 'ஃபார்ஸ்' என்ற சொல்லும் பிறந்தது. இடைக்கால ஐரோப்பிய ஆலயங்களில் ஆராதனைப் பாடல்களின் நடுவே கூடுதலாகச் செருகிய வரிகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு பக்தி நாடகங்களின் நடுவே செருகிய சிரிப்புக் காட்சிகளுக்கு அது பெயராயிற்று. நம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பர்கள் வந்து அடிக்கும் நகைச்சுவை இருக்கிறதே, அதுவும் ஒரு வகையில் ஸ்டஃபிங்தான்! நாடகக் குழுவினர் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பறவைக்குள்ளும் மிருகத்துக்குள்ளும் எதையாவது நிரப்பிச் சுடுவது மிகப் பழைய வழக்கம். 'அபிகியஸ்' என்ற பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் தானியம், மூலிகை, மிளகு எல்லாம் சேர்த்து நிரப்பும் முறைகள் இருக்கின்றன. அந்த நூலில் மிளகு இல்லாத சமையலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த மிளகு எங்கிருந்து போனது? மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலிருந்து முசிறித் துறைமுகம் வழியாக அரபிக்கடலைக் கடந்து போனது. ஆக, ரோமானியனின் ஸ்டஃபிங்கிலேயே நம் பக்கத்துச் சரக்கு இருந்திருக்கிறது.

இனி ரொட்டிக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் இப்னு சய்யார் அல் வர்ராக் என்பவர் ஒரு பெரிய சமையல் நூலைத் தொகுத்தார். அதில் 'ஜூதாப்' என்று ஒரு வகை வருகிறது. தந்தூர் அடுப்புக்குள் கோழியைத் தொங்கவிட்டுச் சுடுவார்கள். அதற்கு நேர் கீழே, பாலிலோ தண்ணீரிலோ ஊறிய ரொட்டியைச் சர்க்கரையும் குங்குமப்பூவும் சேர்த்து ஒரு தட்டில் வைத்துவிடுவார்கள். கோழியிலிருந்து சொட்டும் கொழுப்பெல்லாம் ரொட்டியில் இறங்கும். இது இனிப்புப் பண்டம். நாம் செய்வது காரசாரமான பண்டம். ஆனால் தத்துவம் ஒன்றுதான்: இறைச்சியின் சாறு வீணாகாமல் ரொட்டி அதைக் குடித்துக்கொள்கிறது. ரமலானில் இங்குள்ள வீடுகளில் செய்யும் தரீதும் அப்படித்தான். மெல்லிய ரகாக் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, அதன்மேல் ஆட்டிறைச்சிக் குழம்பை ஊற்றி ஊறவைக்கிறார்கள். முந்தின நாள் ரொட்டியைத் தூக்கி எறிய மனமில்லாத எந்த ஜனமும் இப்படி ஒரு வழியைக் கண்டுபிடிக்காமல் இருந்ததில்லை. பழையதைத் தண்ணீர் ஊற்றி வைத்து மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த மண்ணில் கிறிஸ்தவர்கள் ரொட்டி சுட்டதற்கும் சான்று கிடைத்திருக்கிறது. அபுதாபியைச் சேர்ந்த சர் பனியாஸ் தீவில் 1992-இல் ஒரு பழைய துறவிமடத்தின் இடிபாடுகளைக் கண்டுபிடித்தார்கள். 2022 நவம்பரில், உம் அல் குவைன் பக்கத்தில் சினியா தீவில் இன்னொரு மடம் வெளிப்பட்டது. அங்கே ஆலயத்தோடு ஞானஸ்நானத் தொட்டி போன்ற அமைப்பும், ரொட்டியோ திருவிருந்து அப்பமோ சுடுவதற்கான அடுப்பும் இருந்ததாக அகழாய்வாளர்கள் சொன்னார்கள். எண்ணெய் கிடைத்த பிறகு வெளிநாட்டார் கொண்டுவந்ததுதான் இங்குள்ள கிறிஸ்தவம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த நினிவேயின் ஈசாக்கு என்ற பக்தர் இன்றைய கத்தார் பகுதியில் பிறந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூலிகைகளின் கதை இன்னும் ருசியானது. ஸ்டஃபிங்குக்கு உயிர்நாடி 'சேஜ்' என்ற இலை. சாம்பல் பூத்த பச்சை நிறம், தொட்டால் வெல்வெட்டுத் துணி போல இருக்கும். இதை ஆங்கிலப் பெயர் சொல்லித் தேடி அலைய வேண்டாம். அரபுக் கடைகளில் 'மரியமியா' என்று கேளுங்கள், காய்ந்த இலைகளை அள்ளித் தருவார்கள். பாலஸ்தீனத்தாரும் ஜோர்தானியரும் அதைத் தேநீரில் போட்டுக் குடிக்கிறார்கள். பெயரிலேயே மரியாள் இருக்கிறாள், பார்த்தீர்களா? இயேசுவின் தாயாரோடு இந்தச் செடியை இணைத்துப் பேசும் நாட்டார் கதைகள் லெவாந்துப் பகுதியில் உண்டு. கதைகள் கதைகளே என்றாலும், கிறிஸ்துமஸ் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயருள்ள இலை வேறு கிடைக்காது.

அடுத்தது ஸாத்தர். இதே பெயரில் ஒரு செடியும் இருக்கிறது, அதை எள்ளும் சுமாக்கும் சேர்த்து இடித்த பொடியும் இருக்கிறது. நம் வேதாகமத்தில் யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில் பஸ்கா இரத்தத்தை நிலைகளில் தெளிக்க எடுக்கச் சொல்லும் ஈசோப்புக் கொத்து, சங்கீதம் 51-இல் தாவீது கேட்கும் ஈசோப்பு, இரண்டும் இந்த ஸாத்தர் செடியாகவே இருக்க வேண்டும் என்பது பல அறிஞர்களின் கருத்து. ஐரோப்பாவில் ஈசோப்பு என்று வழங்கும் செடி வேறு. அது பாலஸ்தீன மண்ணில் இயல்பாக வளர்வதில்லை. கெரிசீம் மலையில் இன்றும் பஸ்கா ஆசரிக்கும் சமாரியர் பயன்படுத்துவது இந்த ஸாத்தர் வகையைத்தான். ஞாயிறுப் பள்ளியில் ஈசோப்பு என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள், அதைத்தான் தாங்கள் மனாக்கீஷ் ரொட்டியின்மேல் தினமும் தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அறிந்தால் கட்டாயம் ஆச்சரியப்படுவார்கள்.

இங்கிலாந்துக்குப் போவோம். 1747-இல் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி எழுதி வெளியிட்ட சமையல் நூல் அந்நாளில் வீட்டுக்கு வீடு புகழ்பெற்றது. ரொட்டித்தூள், மூலிகை, கொழுப்பு சேர்த்து நிரப்பும் முறைகள் அதற்குள் வழக்கமாகிவிட்டன. வாத்துக்குச் சேஜும் வெங்காயமும் என்பது மாறாத விதி. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதையில் கிராட்சிட் குடும்பம் சாப்பிடும் வாத்திலும் அதுதான் இருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஏழைக் குடும்பத்துக்கு வீட்டில் அவன் கிடையாது. வாத்தைப் பேக்கரிக்குக் கொடுத்தனுப்பிச் சுட்டு வாங்கி வருகிறார்கள். நம் ஊர்களிலும் கேக் மாவைப் பாத்திரத்தில் ஊற்றிப் பேக்கரிக்குக் கொண்டுபோய், வரிசையில் நின்று சுட்டு வாங்கிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு சின்ன வாத்தை வைத்து ஒரு குடும்பம் முழுவதும் வயிறார வேண்டுமென்றால், ரொட்டியும் வெங்காயமும்தான் கைகொடுக்கும். ஸ்டஃபிங் பணக்காரர் மேஜையில் பிறந்த ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்த வாத்தை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வான்கோழி இந்தக் கதைக்குள் பிந்தி வந்தது. அது மெக்சிகோப் பக்கத்துப் பறவை. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. இந்தியாவுக்குப் போர்த்துகீசியர் வழியாக வந்து சேர்ந்தது. 1612-இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் அரசவைக்கு ஒரு வான்கோழி வந்தபோது, பேரரசர் அதை ஓவியர் மன்சூரைக் கொண்டு வரையச் சொன்னார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. நாம் பறவையைத் தட்டில் வைத்துப் படம் எடுக்கிறோம். ஜஹாங்கீர் உயிரோடு எடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது சென்னைப் பட்டணம். மதராஸ் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்த கென்னி-ஹெர்பர்ட் என்பவர் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் பத்திரிகையில் சமையல் குறிப்புகள் எழுதினார். 1878-இல் அவை நூலாக வந்தன, வெளியிட்டது ஹிக்கின்பாதம்ஸ். மதராஸில் வாழும் ஆங்கிலேயருக்காக எழுதிய நூல் அது. டப்பா உணவை நம்பாதீர்கள், இங்கே புதிதாகக் கிடைப்பதை நன்றாகச் சமையுங்கள் என்பது அவருடைய கட்சி. அந்த வீடுகளின் சமையலறைகள் புகை மண்டிய இருட்டறைகளாக இருப்பதற்கு முதலாளிகளைத்தான் அவர் குறை சொன்னார். அந்த மட்டில் நியாயமான மனிதர்.

ஆனால் அந்த நூல் முழுவதும் ஒரு பெயர் வந்துகொண்டே இருக்கிறது: 'ராமசாமி'. அது ஓர் ஆளின் பெயர் அல்ல. மதராஸ் வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்த தமிழ்ச் சமையல்காரர் எல்லாருக்கும் சேர்த்து வைத்த ஒரே பெயர். அவன் அவன் என்றே பேச்சு. யோசித்துப் பாருங்கள். அவன் அடுப்பு இல்லாத சமையலறையில், பாத்திரத்தின் அடியிலும் மூடியின் மேலும் கரித்தணலைப் பரப்பிச் சுட்டவர்கள் அவர்கள். கள்ளை ஊற்றி மாவைப் பொங்கவைத்து ரொட்டி செய்த ஊரில், தங்கள் வீட்டில் யாரும் தின்னாத பதார்த்தத்தை, தாங்கள் கண்டிராத குளிர்நாட்டின் ருசிக்கு, வாய்மொழியாகக் கேட்டே செய்து காட்டினார்கள். டிசம்பர் மாதம் எத்தனை வான்கோழிகளுக்கு அவர்கள் கை ரொட்டியை நிரப்பியிருக்கும்! முதலாளியின் பெயர் நூலில் நிற்கிறது. நிரப்பியவர் ஒருவரின் பெயரும் இல்லை. ஸ்டஃபிங் வெள்ளைக்காரன் சாப்பாடு என்று சொல்லும் பெரியவர்களுக்கு என் பதில் இதுதான்: சாப்பிட்டவன் வெள்ளைக்காரன், சமைத்தவர் நம் ஆள்.

இதே பழக்கம் வளைகுடாவுக்கும் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் நிழலில்தான் இந்தக் கரை நெடுங்காலம் இருந்தது. 1966 வரை துபாயிலும் அபுதாபியிலும் புழங்கியது ரூபாய்தான். 1938-இல் சவூதியின் தம்மாமிலும் குவைத்தின் புர்கானிலும் எண்ணெய் கிடைத்த பிறகு, அமெரிக்கரும் ஆங்கிலேயரும் குடும்பத்தோடு வந்து தங்க தஹ்ரான், அஹ்மதி போன்ற குடியிருப்புகள் எழுந்தன. அமெரிக்கருக்கு நவம்பரில் நன்றியறிதல் நாள், ஆங்கிலேயருக்கு டிசம்பரில் கிறிஸ்துமஸ். இரண்டுக்கும் பறவையும் ஸ்டஃபிங்கும் வேண்டும். அலுவலகத்திலும் சமையலறையிலும் மருத்துவமனையிலும் வேலை செய்ய இந்தியர் வந்தார்கள், அவர்களோடு சபைகளும் வளர்ந்தன. அஹ்மதியில் பரிசுத்த பவுல் ஆலயம் 1956-இல் எழுந்தது. அதற்கு முன்பே அமெரிக்கருடைய அரேபிய மிஷன் பஹ்ரைனிலும் குவைத்திலும் மருத்துவமனையும் ஆலயமும் நடத்தி வந்தது. அல் ஐனில் பாட் கென்னடி, மரியன் கென்னடி என்ற மருத்துவத் தம்பதியர் 1960-இல் வந்து ஓயாசிஸ் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். இன்று இந்த ஆலய வளாகங்கள் பலவற்றில் பல மொழிச் சபைகள் மணிக்கணக்குப் பிரித்துக்கொண்டு ஆராதிக்கின்றன. ஒரு சபை பாடி முடிக்கும்போது அடுத்த சபை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும். பக்கத்துச் சபைக்காரர் விருந்தில் வைத்ததை நாம் ருசி பார்த்து, நம் அதிரசத்தை அவர்கள் ருசி பார்த்து, இப்படித்தான் பல பதார்த்தங்கள் மேஜை மாறின.

1990-ஐ மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்த ஆகஸ்டு 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. உழைத்துச் சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு நம் மக்கள் பாலைவனம் கடந்து ஜோர்தான் போனார்கள். அம்மானிலிருந்து சுமார் 1,70,000 இந்தியரை விமானத்தில் ஏற்றி ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள். அக்டோபர் வரை அது நடந்தது. முகாம்களில் வரிசையில் நின்று ரொட்டி வாங்கித் தின்ற நினைவு இன்றும் பல குடும்பங்களில் பேசப்படுகிறது. நவம்பர் 22-ஆம் தேதி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் புஷ் சவூதி வந்து, பாலைவனத்தில் காத்திருந்த படைவீரர்களோடு நன்றியறிதல் விருந்து சாப்பிட்டார். ஒரே பாலைவனம், ஒரே வருடம், மூன்று மாத இடைவெளி. ஒரு பக்கம் பண்டிகைக்கு ரொட்டி, இன்னொரு பக்கம் உயிர் பிழைக்க ரொட்டி. அந்த நாளை அமெரிக்காவில் தேசிய நாளாக லிங்கன் அறிவித்ததும் 1863-இல், உள்நாட்டுப் போரின் நடுவில்தான்.

பெட்டியில் வரும் ஸ்டஃபிங் பற்றியும் ஒரு வார்த்தை. 1972-இல் ஒரு பெரிய அமெரிக்க உணவு நிறுவனம் 'ஸ்டவ் டாப்' என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கியது. அதை உருவாக்கியதில் முக்கியப் பங்கு ரூத் சீம்ஸ் என்ற பெண்மணிக்கு. ரொட்டித்துண்டு எந்த அளவில் இருந்தால் தண்ணீர் ஊற்றியதும் குழையாமல் ஊறும் என்பதுதான் அவர் கண்டுபிடித்த விஷயம். இங்குள்ள பெரிய கடைகளிலும் அது கிடைக்கிறது. அவசரத்துக்கு உதவும், ருசிக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இன்றைய ராமசாமிகள் யார்? டிசம்பர் 25 இங்கே பொது விடுமுறை அல்ல. ஆனால் ஹோட்டல்களில் அன்று பெரிய விருந்து. வான்கோழியும் ஸ்டஃபிங்கும் தட்டுத் தட்டாகப் போகும். சமையலறையில் நிற்பவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. நாம் ஆராதனையில் இருக்கும்போது அவர்கள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து கிறிஸ்துமஸ் ஆராதனை கிடைக்காதவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். சபையின் ஆண்டுமலரில் கட்டடக் குழு, பாடகர் குழு எல்லாருடைய பெயரும் படமும் வருகிறது. இவர்கள் பெயர் வருவதில்லை, ஏனென்றால் படம் எடுக்கும் நாளில் அவர்கள் ஷிஃப்டில் இருக்கிறார்கள். வாலிபர் ஐக்கியத்தார் இந்த வருடம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகலாம். எந்த வருடம் வந்தார்கள், முதலில் எந்தச் சமையலறை, யார் கற்றுக்கொடுத்தார்கள், என்னவெல்லாம் செய்யத் தெரியும், இவற்றைப் பெயரோடு எழுதி வையுங்கள். 1878-இல் விட்டுப்போனதை இப்போதும் விடக் கூடாது.

இனி செய்முறை. பத்துப் பேருக்கு அரை கிலோ ரொட்டி வேண்டும். குபூஸ் வேண்டாம், குழைந்துவிடும். சமூன் அல்லது சாதாரண பிரெட் நல்லது, இரண்டு நாள் பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, 120 டிகிரி அவனில் அரை மணி நேரத்துக்கு மேல் வைத்து நன்றாக உலர்த்துங்கள். இதில் அவசரப்பட்டால் கடைசியில் களிதான் கிடைக்கும். 100 கிராம் வெண்ணெயில் இரண்டு பெரிய வெங்காயத்தையும் மூன்று செலரித் தண்டையும் நிறம் மாறாமல் வதக்குங்கள். காய்ந்த மரியமியாவைக் கசக்கி ஒரு தேக்கரண்டி மட்டும் போடுங்கள். கூடினால் மருந்து வாசனை அடிக்கும். கொஞ்சம் ஸாத்தர் இலை, ஒரு கைப்பிடி பக்தூனிஸ் கீரை, உப்பு, நிறைய மிளகு. மரியமியா கிடைக்காவிட்டால் பால்கனித் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியில் நான்கைந்து இலையைப் பொடியாக நறுக்கிப் போடலாம். இருமலுக்கு மட்டுமே அது என்று நினைக்காதீர்கள். கரீபியன் தீவுகளில் அதைத் தைம் என்றே அழைத்து இறைச்சிக்கும் ஸ்டஃபிங்குக்கும் போடுகிறார்கள்.

எல்லாவற்றையும் ரொட்டியோடு கலந்து, அடித்த முட்டை ஒன்றும் கோழி சூப் இரண்டு கப் அளவும் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பிடித்தால் சேர வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. தட்டில் பரப்பி, ஃபாயில் மூடி 180 டிகிரியில் அரை மணி நேரம், மூடியை எடுத்து இன்னும் இருபது நிமிடம். பறவைக்குள் வைத்துச் சுடுவதாக இருந்தால் நடுப்பகுதி 74 டிகிரி சூட்டைத் தொட்டே ஆக வேண்டும். பச்சை இறைச்சியின் சாறு அதில் இறங்கியிருக்கும். கூட்டத்துக்குச் சமைக்கும்போது தனித்தட்டில் சுடுவதே பத்திரம். காய்கறி சூப் ஊற்றி, முட்டையில்லாமல் ஒரு தட்டைத் தனியாக வைத்தால் சைவ நண்பர்களும் சாப்பிடுவார்கள். முஸ்லிம் நண்பர்களை அழைத்திருந்தால் சூப்புக்கு ஹலால் கோழியே போதும், வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. மிச்சமிருந்தால் மறுநாள் காலையில் தோசைக்கல்லில் அடைபோலத் தட்டிப் போட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள்.